ராத்திரிச் சோற்றை நிறுத்திய ஆபரேட்டர்

1. இரண்டு காபி, ஒரு வடை

நான் டயட்டீஷியனாக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என் அறைக்குள் முதலில் நுழைந்தவர் இரண்டு காபியும் ஒரு வடையும் கேட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கதவில் மேலே இங்கிலீஷில் என் பதவி எழுதியிருந்தது. கீழே பெயிண்டர் தமிழில் ‘உணவுப் பிரிவு’ என்று எழுதி வைத்திருந்தார். உள்ளே மேஜைமேல் டம்ளர், கிண்ணம், கரண்டி எல்லாம் வரிசையாக இருந்தன. நோயாளிகளுக்கு அளவு காட்டுவதற்காக நான் ஆசையாக அடுக்கி வைத்தவை. மதுரையில் ஹோம் சயன்ஸ் படித்த மிடுக்கோடு உட்கார்ந்திருந்தேன்.

“இங்க காபி கெடையாதுங்க” என்றேன்.

“அப்ப டீயே குடுங்க. சக்கர தூக்கலா.”

எழுபதுகளின் நடுவில் நெய்வேலி டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் என் உத்தியோகம் இப்படித்தான் தொடங்கியது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள் நான். முகம் சுருங்கிப் போய் எங்கள் தலைமை டாக்டரிடம் முறையிட்டேன். அவரை எல்லோரும் சீஃப் என்றுதான் கூப்பிடுவோம். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“கோவிச்சுக்காதேம்மா. இந்த ஊர்ல மெஷின் இருந்தாத்தான் மதிப்பாங்க. எக்ஸ்ரேக்காரனுக்கு மெஷின் இருக்கு. லேபுக்கு மைக்ராஸ்கோப் இருக்கு. உன்கிட்ட என்ன இருக்கு?”

மூலையில் இருந்த எடை மெஷினைக் காட்டினேன். மேலே கம்பியில் குண்டை நகர்த்திப் பார்க்கும் பழைய மாடல் அது.

“போதும். அதுக்கு எண்ணெய் போட்டு வச்சுக்கோ” என்றார்.

கிண்டலாகச் சொன்னாலும் அவர் சொன்னது சரிதான். அந்த மெஷினை வைத்துத்தான் நான் அந்த ஊரில் காலூன்றினேன். இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் அனுபவம் எழுதுங்கள் என்று கேட்கிறார்கள். ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் எனக்கு ஒரு குடும்பம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

2. சோறு என்னும் குற்றவாளி

உடம்பைக் குறைக்க வேண்டும் என்று வருகிறவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. டாக்டர் மிரட்டி அனுப்பினால்தான் வருவார்கள். வரும்போதே தீர்ப்பை எழுதிக்கொண்டு வருவார்கள். குற்றவாளி எப்போதும் சோறுதான்.

சோறு தின்றால் உடம்பு போடும், சப்பாத்தி தின்றால் இளைக்கும். எங்கள் டவுன்ஷிப்பில் எல்லா ஜில்லாக்காரர்களும் இருந்தார்கள். மற்ற விஷயங்களில் ஒத்துப்போகாதவர்கள் இந்த ஒன்றில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள். ஒரு கரண்டி சோற்றுக்குப் பயந்தவர் எண்ணெய் மினுக்கும் சப்பாத்தி ஆறு தின்பார், குருமாவோடு. கோதுமையும் அரிசி மாதிரி ஒரு தானியம்தான், வயிற்றுக்குள் போன பிறகு இரண்டும் ஏறத்தாழ ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று சொன்னால், படித்தவர்கள்கூட என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். “சப்பாத்தி இளைக்க வைக்கும்னா, பிறந்ததுலேர்ந்து அதையே சாப்பிடற நம்ம டில்லி இன்ஜினியர் ஊசி மாதிரி இருக்கணுமே?” என்று கேட்பேன். அந்த இன்ஜினியரின் உடம்பு ஊருக்கே தெரியும்.

அடுத்தது, ராத்திரி ஏழு மணிச் சட்டம். ஏழு மணிக்குமேல் தின்பது முழுக்கக் கொழுப்பாக மாறும் என்பது. இது எங்கிருந்து பரவியது என்பது எனக்குத் தெரியும். ஆபீஸ் அதிகாரி ஒருவர் ராத்திரிச் சோற்றை விட்டு, ஏழு மணிக்குள் எதையாவது கொறித்துவிட்டுப் படுத்தார். நன்றாக இளைத்தார். கூடவே சாயங்காலம் தினமும் நடந்தார், முன்பு ஆபீஸ் விட்டு வந்ததும் வெட்டிய இரண்டாவது டிபனையும் விட்டிருந்தார். அந்த இரண்டையும் யாரும் கவனிக்கவில்லை. ஏழு மணி மட்டும் ஷிப்ட் பஸ்ஸில் ஏறி சுரங்கம்வரை போய்விட்டது.

ஜெனரல் ஷிப்ட்காரருக்கு ஏழு மணி என்றால் வீட்டில் ஈஸிசேர். செகண்ட் ஷிப்ட்காரருக்கு அது வேலையின் நடுப்பொழுது. மத்தியானம் இரண்டு மணிக்கு இறங்கினால் ராத்திரி பத்துக்குத்தான் மேலே வருவார்கள். நைட் ஷிப்ட் வாரத்தில் கேட்கவே வேண்டாம். ஒருவர் சட்டையை இன்னொருவர் போட்டால் சேராது என்று தெரிந்தவர்கள், ஒருவர் கடிகாரத்தை மட்டும் எல்லோரும் கட்டிக்கொண்டார்கள்.

3. “ஒண்ணும் சாப்டலீங்க”

கொளஞ்சியப்பனை என்னிடம் அனுப்பியது சீஃப்தான். கொளஞ்சியப்பன் பக்கெட் வீல் மெஷின் ஆபரேட்டர். அந்த மெஷினைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: மண்ணை வாரும் தொட்டிகள் வரிசையாகப் பூட்டிய ஒரு ராட்டினம், நாலு மாடி உயரத்துக்கு. மேலே ஒரு கேபின். அதில் உட்கார்ந்து நிலக்கரிக்கு மேலே இருக்கும் மண்ணை வெட்டித் தள்ள வேண்டும். ஆபரேட்டர் அங்கே ஏணி ஏறித்தான் போக வேண்டும்.

அந்த வருஷ மெடிக்கல் பரிசோதனையில் படி ஏறச் சொன்னபோது அவருக்கு மூச்சு வாங்கியது, பிரஷரும் கூடியிருந்தது. “ஆறு மாசத்துல எடையக் குறைச்சுக்கிட்டு வாய்யா. இல்லேன்னா மெஷின் மேல ஏத்த மாட்டேன், கீழதான் வேலை” என்று சீஃப் சொல்லிவிட்டார். சொன்னது நியாயம். உச்சியில் ஒருவருக்கு மயக்கம் வந்தால் அவர் உயிருக்கு மட்டுமல்ல, கீழே நிற்கிறவர்களுக்கும் ஆபத்து.

“ஒக்காருங்க” என்றேன்.

“நிக்கறேங்க. நாற்காலி பயந்துகினு இருக்குது பாருங்க.”

அவரை எனக்கு அப்போதே பிடித்துப் போயிற்று. விருத்தாசலம் பக்கத்து ஆள். கான்ட்ராக்ட் கூலியாகச் சேர்ந்து, மண்ணைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டுக்குப் பக்கத்தில் சிந்திய சேற்றை மண்வெட்டியால் வாரியவர். பிறகு பர்மனென்ட் ஆகி, ஹெல்பராக இருந்து, ஆபரேட்டர் நாற்காலிக்கு வந்தவர். அந்த நாற்காலியைப் பற்றிப் பேசும்போது அவர் குரலே மாறும்.

“மேலேந்து பாத்தா சொரங்கம் பூரா தெரியுங்க. நான் மண்ணு வாரிகினு இருந்த எடமும் தெரியும். மறுபடி அங்க எறங்கிட்டா எனுக்கு உசிரே போயிடும் மேடம்.”

“போக வேண்டாம். நான் சொல்றபடி கேட்டா...”

“நீங்க ஒண்ணும் செரமப்பட வேணாங்க. நானே நிறுத்திட்டேன்.”

“எதை?”

“ராத்திரி சோத்தங்க. ஏழு மணிக்கு மேல வூட்டுல பச்சத் தண்ணிதான். நம்ம பஸ்ஸுல ஒருத்தரு சொன்னாரு.”

சோற்றை நிறுத்த வேண்டியதில்லை, அளவைக் குறைத்தால் போதும், எண்ணெய்ப் பண்டத்தை விடுங்கள் என்று பொறுமையாகச் சொன்னேன். சார்ட் எழுதிக் கொடுத்தேன். மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அங்கேயே அது இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்த மாதம் வந்தார். குண்டை நகர்த்தினேன். போன தடவை குண்டு நின்ற இடத்தில் கம்பி நேராகவில்லை, இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டியிருந்தது. அவர் மெஷின்காரர் அல்லவா, நான் சொல்லும் முன்பே கம்பியைப் பார்த்துப் புரிந்துகொண்டார். முகம் செத்துப் போயிற்று.

“சத்தியமா ராத்திரியில சோத்த கையால தொடலீங்க மேடம்.”

“நம்பறேன். நேத்து செகண்ட் ஷிப்ட் தானே? சாயங்காலத்துலேர்ந்து என்ன சாப்பிட்டீங்க?”

“ஒண்ணும் சாப்டலீங்க.”

“சரி. சாப்பிட வேணாம். வாயில என்னென்ன போட்டீங்க?”

யோசித்தார். “கேண்டீன்ல அஞ்சு பூரி. ஏழு மணிக்குள்ள முடிக்கணுமில்லீங்களா, அதான் கொஞ்சம் சேத்து. அப்புறம் டீக்கு ரெண்டு மசால் வட. பஜ்ஜி சூடா போட்டுகினு இருந்தாங்க, அது ஒரு நாலு.”

“அப்புறம்?”

“அவ்ளோதாங்க. பையில முந்திரி கெடக்கும். எம் மச்சான் காடாம்புலியூருங்க, முந்திரித் தோப்பு. வறுத்து அனுப்புவான். வெட்டிகினு இருக்கசொல்லோ பசிச்சா நாலு போட்டுக்குவேன்.”

“நாலுன்னா நாலு பருப்பா, நாலு பிடியா?”

“அத யாருங்க எண்ணறது? பலா சீசனுங்க, அதுல நாலு சொள. பழந்தானுங்களே.”

கிண்ணங்களை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஒரு கிண்ணம் சோறு இவ்வளவு என்றால், அதற்குச் சமமான பூரி இவ்வளவு, வறுத்த முந்திரி ஒரு சின்னப் பிடிதான். ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட மேஜை நிறைந்தது. அவர் விட்ட ஒரு தட்டுச் சோற்றுக்குப் பதிலாக இரண்டு தட்டு உள்ளே போயிருந்தது. அதைக் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, மிகவும் சாதுவாகக் கேட்டார்.

“அப்ப இதெல்லாம்கூட சாப்பாடாங்க?”

சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. பொய் சொல்லும் ஆள் இல்லை அவர். நம் ஊரில் சாப்பாடு என்றால் அது சோறு. மற்றதெல்லாம் டிபன், பலகாரம், நொறுக்கு. அவை கணக்கில் சேராது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அப்படித்தான் அந்தச் சோறு பழி சுமந்துகொண்டிருந்தது.

பூரியையும் பஜ்ஜியையும் விடுகிறேன் என்று ஒப்புக்கொண்டார். ராத்திரி வீட்டுக்குப் போய் அளவாகச் சோறு சாப்பிடுங்கள் என்றதற்கு மட்டும் கும்பிட்டார். “அது மட்டும் வேணாங்க. பத்தர மணிக்கு சோறு துன்னா மெஷின மறந்துட வேண்டியதுதான்.” எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. பசியோடு வேலை செய்கிறவனால் எத்தனை நாள் பஜ்ஜி வாசனையைத் தாங்க முடியும் என்று எனக்குக் கவலையாகவே இருந்தது.

4. பெண்கள் வார்டு

அடுத்த சில வாரங்களில் ஒரு நாள். காலை ரவுண்ட்ஸுக்குப் போகும்போது பெண்கள் வார்டில் புதிதாக ஒரு அம்மாள் படுத்திருந்தாள். முந்தின நாள் பண்டகசாலை க்யூவில் மண்ணெண்ணெய் டின்னோடு மயங்கி விழுந்தவள். ரத்தம் மிகவும் குறைவு. தோள்பட்டை எலும்பு ரவிக்கைக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தது. பெயர் தையல்நாயகி. சத்தான ஆகாரம் கொடுக்கச் சொல்லி டியூட்டி டாக்டர் என் பக்கம் தள்ளியிருந்தார்.

எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைத்தான் அவளிடமும் கேட்டேன்.

“முந்தாநாள் ராத்திரி என்னம்மா சாப்ட்டீங்க?”

“ஒண்ணும் சாப்டலீங்க.”

நமக்குத்தான் இந்தப் பதிலின் சூது தெரியுமே. “சரி. வாயில என்ன போட்டீங்க?”

“ஒண்ணும் போடலீங்க.”

“பூரி, வடை, பிஸ்கட்டு?”

“அதெல்லாம் ஏதுங்க. தண்ணி குடிச்சிட்டுப் படுத்துட்டேன்.”

அதற்கு முந்தின ராத்திரியும் அதே பதில். அதற்கு முந்தினதும் அதே. இவள் விஷயத்தில் அது உண்மை.

“வீட்டுல அரிசி இருக்கா இல்லையா?”

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. “அதுக்கெல்லாம் கொறச்சல் இல்லீங்க. புள்ளைங்களுக்கு ஏழு மணிக்கு ஆக்கிப் போட்டுடறேன். அவுருதான் ராத்திரி சோத்த நிறுத்திட்டாரு. எடைய கொறைக்கணும்னு ஆசுபத்திரில சொல்லிட்டாங்களாம். ஆம்பள வெறும் வவுத்தோட வந்து படுத்துகினு இருக்க, நான் மட்டும் தட்டு போட்டுகினு ஒக்காந்து எப்புடிங்க துன்றது? தொண்டயில எறங்குமா?”

இவள் யார் வீட்டு அம்மாள் என்று எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. ராத்திரிச் சாப்பாடு போயிற்று என்றால் ஒரு வேளைதானே என்று நினைக்கலாம். அவளுக்கு அப்படி இல்லை. காலையில் பிள்ளைகளை அனுப்பும் அவசரத்தில் ஒரு டீ. மத்தியானம் அவருக்கும் பிள்ளைகளுக்கும் போக அடியில் இருப்பது. ராத்திரி அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு உட்காருவாள், அதுதான் அவள் நாளின் முழுச் சாப்பாடு. கல்யாணமானதிலிருந்து அதுதான் பழக்கம். அவர் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியதும் அவளுடைய ஒரே முழு வேளையும் அதோடு நின்றது.

“உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?” என்று நான் கேட்டபோது அவளுக்கு வெட்கம், புருஷன் பேரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பார்வையாளர் நேரத்துக்கு நான் வேண்டுமென்றே அந்தப் பக்கம் போனேன். பர்ஸ்ட் ஷிப்ட் முடித்து, பூட்ஸில் மண்ணோடு, கையில் ஒரு சாத்துக்குடிப் பையோடு கட்டிலருகே கொளஞ்சியப்பன் நின்றுகொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் சிரித்தார். “எங்க வூட்லங்க. என்னான்னே தெரியல, திடீர்னு இப்புடி எளச்சிப் போச்சி.”

“அவங்க ஏன் இளைச்சாங்கன்னு அவங்களையே கேளுங்க” என்றேன்.

தையல்நாயகி போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். நானே சொன்னேன். நான் சொல்லி முடித்த பிறகு அவர் சாத்துக்குடிப் பையைக் கட்டில்மேல் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“தையலு, நான் கேண்டீன்ல பூரி துன்னேன்.”

“துன்னா என்னாங்க.”

“வெறும் வவுத்தோட படுக்கலடி நான். பஜ்ஜி துன்னேன். உங்கண்ணன் குடுத்த முந்திரிய துன்னேன். வவுறு முட்ட துன்னுட்டுதான் வந்து படுத்தேன்.”

அவள் அவருக்காக என்னிடம் வாதாட ஆரம்பித்தாள். “அதெல்லாம் டிபனுதானுங்களே மேடம்? ஒழைக்கற ஒடம்பு. சோறு துன்னலியே அவுரு?”

கோபம் வந்தால் எனக்குத் திருநெல்வேலி வந்துவிடும். “என்ன பேச்சு பேசுதீங்க ரெண்டு பேரும்! ஒருத்தர் நெறையச் சாப்பிட்டுட்டுப் பட்டினின்னு நெனைக்காரு. ஒருத்தி நெசமாவே பட்டினி கெடந்துக்கிட்டு, அவருக்கு வக்காலத்து வாங்குதா. எடையக் குறைக்கச் சொன்னது அவரையா, உங்களையா?” வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கத்தி முடித்ததும் எனக்கே கண் கலங்கிவிட்டது.

கொளஞ்சியப்பன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “போவுது மேடம். மெஷினு போனா போவுது. நான் கீழயே மண்ணு வாரிகினு கெடக்கறேன். இவ நல்லா இருந்தா போதும்.”

“போவ வுடமாட்டேன்” என்றாள் தையல்நாயகி, எழுந்து உட்கார்ந்து. “பெல்ட்டு சேத்துல நின்னுட்டு வந்து, கால் வெரலெல்லாம் புண்ணா ராத்திரி பூரா தூங்காம கெடந்தத நான் பாத்துருக்கேன். நீங்க மேலதான் ஒக்காரணும்.”

5. ஒன்றரை ஆழாக்கு

இவருக்கு எடை குறைய வேண்டும், அவளுக்குக் கூட வேண்டும். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் நடக்க வேண்டும். நான் சார்ட் எழுதவில்லை. அவளை டிஸ்சார்ஜ் செய்யும் அன்று இருவரையும் உட்கார வைத்துச் சொன்னேன்.

அவர் எந்த ஷிப்டாக இருந்தாலும், வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சோறுதான். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றரை ஆழாக்கு அரிசி, இன்றைய கணக்கில் ஏறக்குறைய கால் லிட்டர், அதற்குமேல் பானையில் போடக் கூடாது. முதலிலேயே இரண்டு தட்டிலும் சரிபாதி போட்டுப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும். கீரையும் காயும் குழம்பும் வேண்டிய மட்டும். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். கேண்டீனுக்கு வீட்டிலிருந்தே இட்லியோ தயிர்ச்சோறோ போகும். முந்திரிப் பை வீட்டை விட்டு வெளியே போகாது. தையல்நாயகிக்கு மட்டும் காலையிலும் மத்தியானமும் வயிறாரச் சாப்பாடு, முருங்கைக்கீரை, முட்டை, மாத்திரை. நடுவில் முந்திரி அவளுக்குத்தான்.

அவளுக்கு அரிசியின் அளவு பெரிதாகப் படவில்லை. “இவுருக்கு எதிர்ல ஒக்காந்து சாப்புடறதாங்க?” என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். “கல்யாணத்தன்னிக்கு பந்தியில ஒக்காந்ததோட சரிங்க.”

அவருக்குப் பயம் பத்தரை மணியில். சீஃபுக்கும் அதேதான். ரவுண்ட்ஸ் முடிந்து என்னைக் கூப்பிட்டார்.

“என்னம்மா, எடையக் குறைக்க அனுப்பின ஆளுக்கு ராத்திரி பத்தரை மணிக்குச் சோறு போடச் சொல்லியிருக்கியாமே?”

“ஒன்பது மணிக்குத் தூங்கறவருக்கு ஏழு மணி சரி சார். பத்து மணிக்கு மெஷின விட்டு எறங்கறவரு எப்ப சாப்பிடுவாரு? நாள் முழுக்க எவ்வளவு உள்ள போகுதுங்கறதுதான் சார் முக்கியம். பட்டினி போட்டா அவரு கேண்டீன்ல ரெண்டு மடங்கா எடுத்துக்கறாரு.”

“ஏழு மணிக்கு மேல வேணாம்னு நானே என் வீட்ல கடைப்பிடிக்கறேன்மா.”

அவர் வயிற்றைப் பார்த்தேன். அவரும் பார்த்துக்கொண்டார்.

“சரி, சரி. மெடிக்கல் வரைக்கும் உன் இஷ்டம். குறையலேன்னா அவனுக்கு நீதான் சொல்லணும். நான் ஃபிட்னு கையெழுத்துப் போட மாட்டேன்.”

நான் சொன்னதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு மனிதர் ஆசைப்பட்டு ஏறிய நாற்காலி என் பேச்சை நம்பி நின்றது.

6. மெடிக்கல்

அந்த மாதங்களில் அவர் வந்தபோதெல்லாம் எடை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது. ஒரு மாதம் இறங்கவே இல்லை. அன்று கூட வந்திருந்த தையல்நாயகி வாசலில் நின்று, “இருங்க மேடம், பஸ் ஸ்டாப்புலேந்து வூடு வரைக்கும் நடந்து வரச் சொல்றேன், சைக்கிள எடுக்க வுட மாட்டேன்” என்று எனக்கே தைரியம் சொல்லிவிட்டுப் போனாள்.

மெடிக்கல் நாள் காலையில் கொளஞ்சியப்பன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். சட்டை தோளில் தொளதொளவென்று இருந்தது. கூடவே தையல்நாயகி, ரத்தப் பரிசோதனைக்கு. சீஃபும் என் அறைக்கே வந்துவிட்டார்.

“ஏறுய்யா” என்றார் சீஃப்.

“மொதல்ல இத ஏத்துங்க சார்.”

“மெடிக்கல் உனக்கா, உன் பொண்டாட்டிக்கா?”

“எனுக்குதாங்க. இத பாத்துட்டா நான் தகிரியமா ஏறுவேன்.”

தையல்நாயகி செருப்பைக் கழற்றிவிட்டு, கூச்சத்தோடு ஏறினாள். குண்டை வலப்பக்கம் தள்ளினேன். இன்னும் தள்ளினேன். ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளில் நின்ற இடத்தைத் தாண்டி நன்றாகவே போயிற்று. கொளஞ்சியப்பன் கம்பிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். புது மெஷினை முதல் தடவை ஓட்டிப் பார்க்கிறவர் மாதிரி அவ்வளவு சந்தோஷம்.

பிறகு அவர் ஏறினார். குண்டை இடப்பக்கம் நகர்த்தினேன். இன்னும் இன்னும் நகர்த்திய பிறகுதான் கம்பி நேராக நின்றது. சீஃப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். பிரஷர் பார்த்தார். மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லி நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார்.

“ராத்திரி பத்தரை மணிக்குச் சோறு தின்னுட்டா இப்படி இளைச்சே? வேற என்னய்யா பண்ணினே?”

கொளஞ்சியப்பன் தலையைச் சொறிந்தார்.

“ஒண்ணும் பண்ணலீங்க சார். முன்னெல்லாம் நான் துன்னுட்டு எழுந்து போயிடுவேன், இவ என்னா துன்றான்னு பாத்ததே இல்லீங்க. இப்ப எதிர்ல ஒக்கார்றா. மொத வாரம் எனுக்கு பத்தல. இன்னும் கொஞ்சம் போடுன்னு தட்ட நீட்டிட்டேன். பான காலி. இவ தன் தட்டுலேந்து அள்ளி வெக்க வந்தா.” மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “இத்தினி வருசமா நான் ரெண்டாந்தரம், மூணாந்தரம் கேட்டு வாங்கித் துன்னதெல்லாம் யாரு சோறுன்னு அன்னிக்குதாங்க தெரிஞ்சிது. அதுக்கப்புறம் தட்ட நீட்டவே கை வரலீங்க.”

தையல்நாயகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சீஃப் பேனாவைத் திறந்து ஃபிட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது வாசலில் நின்று என்னிடம் தணிந்த குரலில், “ஒன்றரை ஆழாக்குன்னா எவ்வளவும்மா? வீட்ல சொல்லணும்” என்றார்.

7. ஒரு கேள்வி

புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அரிசியா கோதுமையா, ஏழு மணியா ஒன்பது மணியா என்று உங்களையும் இழுத்துவிடுவார்கள். சர்க்கரை வியாதிக்காரருக்குக் கணக்கு வேறு, அதை டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள். மற்றபடி எவ்வளவு என்று கேளுங்கள். சாப்பாடு என்று அவர்கள் சேர்க்காததையெல்லாம் கேளுங்கள். அதோடு நான் ஓய்வு பெறும்வரை எல்லோரிடமும் தவறாமல் கேட்ட ஒரு கேள்வியையும் கேளுங்கள்: “நீங்க சாப்பிட்ட பிறகு வீட்டுல யார் சாப்பிடுவாங்க?” ஒருவர் தட்டை மாற்றினால் இன்னொருவர் தட்டும் மாறுகிறது. உங்கள் முன்னால் வந்து நிற்பவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கொளஞ்சியப்பன் அதற்குப் பிறகு பல வருஷம் அந்த கேபினில் உட்கார்ந்தார். தையல்நாயகி ஊரிலிருந்து முந்திரி வந்தால் எனக்கு ஒரு பொட்டலம் கொண்டு வருவாள். ஒரு நாள் ஓ.பி. முடிகிற நேரத்தில் வந்தாள். பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். ஏதோ சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது என்று தெரியாதவள் மாதிரி முந்தானையைச் சுருட்டினாள்.

“என்னம்மா?”

“நேத்து அவுருக்கு ஓவர்டைம் போட்டுட்டாங்க மேடம். வர நேரமாயிடுச்சி.”

“சரி?”

“எனுக்கு பசிச்சிது.” சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “அவுரு பங்க மூடி வெச்சிட்டு, நான் சாப்ட்டேன்.”